முதலைத் தோல் போட்ட ஓநாய்

பிரான்ஸ் தேசத்து நரி ஒன்று ஆம்பூருக்கு வந்து சேர்ந்தபோது காலில் ஷூ போட்டிருந்தது. அந்த ஒரே காரணத்துக்காகத்தான் ஜெயகரன் அதை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார். வெறுங்காலோடு வந்திருந்தால் குப்பைக்கூடைக்குப் போயிருக்கும்.

இது தொண்ணூற்றிரண்டில் நடந்தது. ஆம்பூரில் ஏற்றுமதி ஷூ கம்பெனி ஒன்றில் சாம்பிள் செக்‌ஷன் அவர் பொறுப்பு. வெளிநாட்டுக்காரன் அனுப்புகிற தோல் துண்டு, பூட்ஸ் படம், நிறம் காட்டும் அட்டை எல்லாம் அவர் மேஜையில்தான் வந்து விழும். ஒரு நாள் பாரிஸிலிருந்து வந்த பார்சலில், தோல் துண்டுகள் மடங்காமல் இருக்க நடுவில் ஒரு பழைய படக் கார்டை யாரோ செருகி அனுப்பியிருந்தார்கள். மரக்கிளையில் ஒரு காக்கா, வாயில் என்னவோ. கீழே கோட்டும் தொப்பியும் போட்ட நரி அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்கிறது.

செக்‌ஷனே கூடிவிட்டது. கதை எல்லோருக்கும் தெரிந்த கதைதான். தகராறு காக்காவின் வாயில் இருப்பதைப் பற்றி. வடை முக்கோணமாக இருக்குமா என்று ஒரு கட்சி. அப்படியானால் சமோசாதான் என்று இன்னொரு கட்சி. மத்தியானச் சாப்பாட்டு மணி அடித்தும் யாரும் நகரவில்லை. கடைசியில் மேனேஜர் வந்து அது சீஸ் என்று தீர்ப்புச் சொல்லிக் கூட்டத்தைக் கலைத்தார். ஜெயகரன் காக்காவைப் பார்க்கவே இல்லை. அவர் கண் நரியின் காலில் இருந்தது. கணுக்கால் உயரத்துக்கு பூட்ஸ், எதிரெதிரே துளை போட்டு லேஸ், குதிகாலில் அடுக்கடுக்காகத் தோல்.

"இந்த நரி போட்டிருக்கிற ஷூவை நம்ம ஆளுங்களைத் தைக்கச் சொன்னா, பாதிப் பேரு வேலையை விட்டுட்டு ஓடிடுவான்" என்று சொல்லிவிட்டு, கார்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

கார்டின் மூலையில் பொடியாக ஓர் எண் இருந்தது. எண் இருந்தால் வரிசை இருக்க வேண்டும், வரிசை என்றால் பாக்கியும் எங்கேயாவது இருக்க வேண்டும். விசாரித்ததில் தெரிந்தது: பிரெஞ்சுக்காரர்களின் பழைய மிருகக் கதைகளுக்குப் படம் போட்டு, பாரிஸில் ஓர் அச்சகத்தார் நூறு வருஷத்துக்கு முன்னால் வெளியிட்ட கார்டுகள். மொத்தம் பன்னிரண்டு.

அன்றிலிருந்து, ஆம்பூரை விட்டு ஐரோப்பாவுக்குப் போன ஒரு ஜீவனையும் அவர் சும்மா விடவில்லை. தோல் சந்தைக்குப் போகிற முதலாளிகள், மெஷின் வாங்கப் போகிற இன்ஜினியர்கள், மகளின் பிரசவம் பார்க்கப் போன ஒரு மாமியார் உட்பட எல்லோர் கையிலும் ஒரு துண்டுச் சீட்டு. ஞாயிற்றுக்கிழமை பழைய சாமான் கடைத் தெருவில் இந்தப் படம் இருந்தால் வாங்கி வரவும். நாளாவட்டத்தில் பாரிஸ் போலீஸ்காரர்கள் நம் ஊர் முகத்தைப் பார்த்தாலே, "ஆம்பூரா? கார்டுக் கடை அந்தப் பக்கம்" என்று கைகாட்டிவிடுகிற அளவுக்கு வந்துவிட்டது என்று ஜெயகரன் சொல்வார்.

அவர் சொல்வது அப்படித்தான் இருக்கும். பொய் பேசுகிறவர் இல்லை. கேட்ட விஷயத்தைக் கேட்ட அளவிலேயே திருப்பிக் கொடுப்பது அவருக்குக் கஞ்சத்தனமாகப் படும், அவ்வளவுதான். பாலாற்றில் கணுக்கால் அளவு தண்ணீர் வந்தால், அவர் வாய்க்கு வருவதற்குள் அதில் யானை முங்கிவிடும். இரண்டாயிரத்தொன்றில் ஓய்வு பெற்ற பிறகு, கம்பெனி நேரமும் இதற்கே கிடைத்தது.

ஓய்வு பெற்ற மூன்றாவது வருஷத்துக்குள் பதினொரு கார்டுகள் சேர்ந்துவிட்டன. ஆமை வெறுங்காலோடு ஓட, முயல் வெள்ளைக் காலுறை மாட்டிக்கொண்டு தூங்கியது. எறும்பு ஏப்ரன் கட்டிக்கொண்டு கதவைச் சாத்த, சில்வண்டு வயலினோடு பனியில் நின்றது. ஆற்றங்கரையில் முழங்கால் பூட்ஸ் போட்ட ஓநாய் ஓர் ஆட்டுக்குட்டியை அதட்டியது. ஆம்பூர்க்காரர்களுக்கு அந்தக் கார்டைப் பார்த்தால் சிரிப்புதான் வரும். பிரியாணிக் கடைக்கும் தோல் மண்டிக்கும் நடுவில் பிறந்த ஆட்டுக்கு ஓநாய் எல்லாம் ஒரு ஆபத்தா?

வராமலே இருந்தது தவளை. காளை மாட்டைப் பார்த்துப் பொறாமைப்பட்டு, தானும் அவ்வளவு பெரிதாகிறேன் என்று மூச்சை இழுத்து இழுத்து வீங்கி வெடித்ததே, அந்தத் தவளை. அது பாரிஸில் இல்லை. ஆம்பூரிலேயே, ஜெயகரன் வீட்டுக்கு மூன்று தெரு தள்ளி, ஷஹீன் பானு டீச்சர் வீட்டு ஹாலில் கண்ணாடிச் சட்டத்துக்குள் இருந்தது.

ஷஹீன் பானு பெண்கள் பள்ளியில் பூகோளம் நடத்தி ஓய்வு பெற்றவர். உலக உருண்டையை ஒரு விரலால் சுற்றிவிட்டே மூன்று தலைமுறைப் பெண்களை நடுங்க வைத்தவர். ஒரு தடவை பள்ளி விழாவில் ஜெயகரன் தன் கார்டுகளைக் கொண்டுபோய்க் காட்டப்போக, டீச்சருக்கும் அந்தப் பைத்தியம் பிடித்தது. அவர் தம்பி தோல் ஏஜென்ட், வருஷம் தவறாமல் பாரிஸ் போகிறவர். கேட்க வேண்டுமா? ஜெயகரன் டீ குடிக்கப் போகும்போதெல்லாம், தவளைக்கு நேர் எதிர் நாற்காலியில்தான் டீச்சர் அவரை உட்கார வைப்பார். பிஸ்கட்டும் தருவார். தவளையைத் தரமாட்டார்.

இந்த நிலைமையில்தான் ஜெயகரன் வாயைத் திறந்தார்.

வேலூரில் தபால்தலை, நாணயம் சேர்ப்பவர்கள் சங்கம் ஒரு கண்காட்சி வைத்தது. படக் கார்டுகளுக்கும் இடம் உண்டு. எண் போட்ட வரிசையாக இருந்தால் ஒன்றுகூடக் குறையக் கூடாது என்பது விதி. ஞாயிறு ஆராதனை முடிந்து சர்ச் வாசலில் நின்றபோது, கொயரில் பாடுகிற ஹெப்சி, "இன்னா அண்ணே, உங்க கார்டு கத எந்த மட்டுல இருக்கு?" என்று சும்மாதான் கேட்டாள்.

"முழு செட்டும் கையில. வர்ற சனிக்கிழம வேலூர்ல வெக்கிறேன். பிரான்ஸ்லயே முழு செட்டு மூணு பேருகிட்டதான் இருக்கு. அதுல ஒருத்தர் செத்துட்டாரு."

ஹெப்சி காதில் போட்டால் ஊர் காதில் போட்ட மாதிரி. சபைப் பெண்கள் சங்கம் அந்த மாதச் சுற்றுலாவுக்கு இடம் தேடிக்கொண்டிருந்தது. காலையில் கண்காட்சி, மத்தியானம் கோட்டை என்று முடிவாகி, எலுமிச்சம்பழச் சாதம் யார், தயிர்சாதம் யார் என்றுகூடப் பிரித்துக் கொடுத்து, வேனுக்கும் சொல்லிவிட்டார்கள். ஜெயகரனின் மனைவி ஜெபராணிதான் சங்கத்துச் செயலாளர். ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள், எதற்கும் அலட்டிக்கொள்ளாதவள்.

"தவள எங்கங்க?" என்றாள் வீட்டுக்கு வந்ததும்.

"வருது."

"குதிச்சா?"

முப்பது பேர் வேனில் வந்து இறங்கி, காலி இடத்தைப் பார்த்துவிட்டுத் தயிர்சாதம் சாப்பிடுகிற காட்சி ஜெயகரன் கண்முன் வந்து நின்றது. அதற்கப்புறம் அந்தச் சபையில் அவர் பாலாற்றில் தண்ணீர் வருகிறது என்று சொன்னால்கூட எவனும் எட்டிப் பார்க்க மாட்டான்.

செவ்வாய்க்கிழமை டீச்சர் வீட்டுக்குப் போனார். டீச்சரிடம் ஓநாய் இல்லை என்பது அவருக்குத் தெரியும். ஜெயகரனிடம் இரண்டு ஓநாய்கள் இருந்தன. ஒன்று நல்லது. இன்னொன்று எந்த வீட்டுப் பரணிலோ மழையில் நனைந்து காய்ந்து சுருண்டது.

"டீச்சர், ஓநாயைத் தர்றேன். தவளையைக் குடுங்க."

டீச்சர் கார்டை வாங்கி மேஜைமேல் வைத்தார். அது இரண்டு பக்கமும் தூக்கிக்கொண்டு தொட்டில் மாதிரி ஆடியது.

"இது இன்னா சார், கார்டா, மொறமா?"

"படம் சுத்தமா இருக்கு பாருங்க. கலர் கொஞ்சங்கூடக் கம்மியாகல."

"படம் சுத்தம். நிக்கத்தான் மாட்டேங்குது. நேராக்கி எடுத்துட்டு வாங்க. வெள்ளிக்கெழம சாயந்தரத்துக்குள்ள நேரா வந்தா, தவள உங்களோடது."

வேறு ஊர்க்காரராக இருந்தால், கனமான புத்தகத்துக்கு அடியில் கார்டை வைத்துவிட்டுப் பொறுமையாக ஜெபம் பண்ணியிருப்பார். ஆம்பூர்க்காரருக்கு அது ஆகாது. சுருங்கினது எதுவானாலும் அவருக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான்: பிளேட்டிங் மெஷின். பதப்படுத்திய தோலைக் கீழே கம்பளி விரிப்பின்மேல் வைத்தால், மேலேயிருந்து சூடான இரும்புத் தகடு டன் கணக்கில் இறங்கி அழுத்தும். வெளியே வரும்போது தோல் கண்ணாடி மாதிரி இருக்கும். இந்த ஊரில் அதில் அழுத்தாத பொருள் இல்லை. சர்ட்டிபிகேட் அழுத்தியிருக்கிறார்கள், கல்யாணப் பத்திரிகை அழுத்தியிருக்கிறார்கள். முகூர்த்த வேட்டியை அதில் அழுத்திக் கட்டிக்கொண்டு போன மாப்பிள்ளை ஒருவன், மணையில் உட்கார முடியாமல் நின்றபடியே தாலி கட்டினான் என்பது ஜெயகரன் கண்ணால் பார்த்தது.

துத்திப்பட்டு பக்கம் பச்சையப்பன் தோலுக்கு மெருகேற்றும் சின்ன ஃபினிஷிங் யூனிட் ஒன்று நடத்திக்கொண்டிருந்தான். ஜெயகரனின் பழைய கம்பெனியில் வேலை கற்றவன். வெள்ளிக்கிழமை காலையில் ஜெயகரன் போய் இறங்கியபோது லாரியில் லோடு இறங்கிக்கொண்டிருந்தது.

"சார், அஞ்சு நிமிஷம். லோட எறக்கிட்டு வந்துர்றேன். அதுவரைக்கும் எதுவும் தொடாதீங்க" என்றான் பச்சையப்பன்.

சர்வீஸ் முழுக்க சாம்பிள் செக்‌ஷனில் உட்கார்ந்திருந்த மனிதரிடம் போய் மெஷினைத் தொடாதே என்றால்? அது தொடு என்று சொல்வதற்குச் சமானம். மெஷின் சூடாக இருந்தது. கம்பளி விரிப்பு சுத்தமாக இருந்தது. ஜெயகரன் சுருண்ட ஓநாயை எடுத்துப் படம் மேலே பார்க்க வைத்தார். அப்போது ஒரு யோசனை வந்தது. ஆல்பத்தில் இருக்கிற நல்ல ஓநாய்க்கும் ஒரு மூலை லேசாகத் தூக்கியிருந்ததே. வந்தது வந்தோம், இரண்டு கல்யாணத்தையும் ஒரே பந்தலில் முடித்துவிடலாம். அதையும் எடுத்துப் பக்கத்தில் படுக்க வைத்தார். இரண்டு கையாலும் இரண்டு பச்சைப் பொத்தானை அழுத்தினார்.

மெஷின் பெருமூச்சு விட்டு இறங்கியது. மறுபடி பெருமூச்சு விட்டு ஏறியது.

கார்டுகள் நேராக இருந்தன. அப்படி ஒரு நேர் பூமியில் கிடையாது. ஜோலார்பேட்டை தண்டவாளம் அதன் பக்கத்தில் வைத்தால் கோணலாகத் தெரியும். ஆனால் ஓநாயின் உடம்பெல்லாம் செதில். ஆட்டுக்குட்டியின் உடம்பிலும் செதில். ஆறு, மரம், வானம் எல்லாம் கட்டம் கட்டமாகச் செதில் செதிலாகப் புடைத்துக்கொண்டு நின்றன.

பச்சையப்பன் ஓடி வந்தான். "ஐயோ சார்! இன்னா சார் பண்ணீங்க? காலையிலதான மொதலச் செதில் போட்ட பிளேட்டு மாட்டினேன். ஹேண்ட்பேக் ஆர்டரு சார். குனிஞ்சு மேல பாக்கலயா நீங்க?"

"எத்தன வருஷ சர்வீஸ்டா எனக்கு? நான் எதுக்குக் குனியணும்?"

தகட்டின் முகம் தரையைப் பார்த்து இருக்கும். வழவழப்பா, முதலையா, பாம்பா என்று தெரிய வேண்டுமானால் எவ்வளவு பெரிய சர்வீஸாக இருந்தாலும் குனிந்து அண்ணாந்துதான் பார்க்க வேண்டும். பச்சையப்பன் ஒரு கார்டை எடுத்து, தோலைத் தடவுகிற மாதிரிக் கட்டைவிரலால் தடவினான்.

"ஆனா ஒண்ணு சார். பிரின்ட் சூப்பரா புடிச்சிருக்கு. பேப்பர்ல இவ்ளோ புடிக்கும்னு எனக்கே தெரியாது."

வீட்டுக்கு வந்ததும் ஜெபராணி இரண்டு கார்டையும் வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"உயிருக்கு ஒண்ணும் ஆபத்தில்ல. மூஞ்சிதான் போச்சு" என்றாள். "டீச்சர்கிட்ட போயி நடந்ததச் சொல்லுங்க. அந்தம்மா தங்கமானவங்க."

"சொன்னா தவள வருமா?"

"வராது. சொல்லாட்டியும் வராது. சொன்னா மானமாவது மிஞ்சும்."

ஜெயகரன் அந்த ஆலோசனையை மரியாதையாகக் கேட்டுக்கொண்டார். டீச்சர் வீடு மூன்று தெரு தள்ளி இருந்தது. முதல் தெருவில் உண்மையைச் சொல்லிவிடலாம் என்றுதான் நடந்தார். இரண்டாவது தெருவில் அது கொஞ்சம் மொட்டையாகப் பட்டது. மூன்றாவது தெரு முடிவதற்குள் வேறொரு கதை பட்டும் பீதாம்பரமுமாகத் தயாராகிவிட்டது.

"டீச்சர், ஒரு அதிசயம்" என்று கார்டை நீட்டினார். "இது சாதா கார்டே இல்ல. ஸ்பெஷலு. அந்தக் காலத்துல பாரிஸ்ல பெரிய பெரிய தோல் யாபாரிங்க இருந்தாங்க பாருங்க, அவங்க வீட்டம்மாங்களுக்காகன்னே மொதலத் தோலு மாதிரி அச்சடிச்சது. ஒலகத்துலயே நாலோ அஞ்சோதான் இருக்கும்."

"செவ்வாக்கெழம வழவழன்னு இருந்துச்சே சார்?"

"அது வந்து, ஈரத்துல அமுங்கிப் போயி இருந்துச்சு டீச்சர். சூடு காட்டினதும் எழும்பி வந்துடுச்சு."

டீச்சர் கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு கார்டைப் பார்த்தார். பிறகு எழுந்து உள்ளே போய், பீரோவிலிருந்து ஒரு கைப்பையை எடுத்து வந்து கார்டுக்குப் பக்கத்தில் வைத்தார். ரம்ஜானுக்குத் தம்பி வாங்கித் தந்த பை. உள்ளூரில் தைத்தது. பையின் மூடியிலும் அதே கட்டம், அதே செதில். மூடியின் ஓரத்துச் செதில் ஒன்றில், தகட்டில் எப்போதோ எதுவோ பட்டதனால் விழுந்த கீறல் ஒன்று, இரண்டு பக்கமும் வளைந்து மீசை மாதிரி இருந்தது.

"ஆட்டுக்குட்டியைப் பாருங்க சார்" என்றார் டீச்சர்.

பார்த்தார். ஆட்டுக்குட்டியின் மூக்குக்குக் கீழே அதே மீசை. அதோடு பார்த்தால் ஓநாயை அது அதட்டுகிற மாதிரி இருந்தது.

"பாரிஸ் வூட்டம்மாங்களுக்கு அடிச்ச பிளேட்டு, என் பேகுல எப்பிடி சார் வந்துச்சு? எங்க தாத்தா பாலாத்தாங்கரையில தோலு ஊற வெச்சவரு. எங்கிட்டயேவா?"

ஜெயகரன் வாயைத் திறந்தார். ஒன்றும் வரவில்லை. அவர் வாழ்க்கையில் அது முதல் தடவை. அப்புறம் சிரிப்பு வந்தது. டீச்சருக்கும் வந்தது. அவர் தாவணிப் பிள்ளை மாதிரி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, சட்டென்று பள்ளிக்கூட முகத்துக்குத் திரும்பினார்.

"தவள கெடையாது."

"டீச்சர்..."

"நேரா கொண்டாங்கன்னேன். மொதலையா கொண்டாங்கன்னா சொன்னேன்?"

"நாளைக்கு வேன் வருது டீச்சர்" என்றார் ஜெயகரன். இந்தத் தடவை அவர் எதையும் கூட்டிச் சொல்லவில்லை. "சபையில முழு செட்டுன்னு சொல்லிட்டேன். முப்பது பேரு. சாப்பாடுகூடக் கட்டிட்டாங்க. தவளையும் இல்லாம, நல்ல ஓநாயும் இல்லாம நான் அங்க போயி இன்னாத்தக் காட்டுவேன்? இனிமே வாயத் தொறந்தா ஒருத்தன் மதிப்பானா?"

டீச்சர் தவளையைப் பார்த்தார். ஜெயகரனைப் பார்த்தார். இரண்டுக்கும் அதிக வித்தியாசம் தெரியாததாலோ என்னவோ, மனசு இளகியது.

"தவள வேலூருக்கு வரும். நானும் கூட வருவேன். செட்டு ரெண்டு பேரு பேருலயும் இருக்கணும். என் பேரு மொதல்ல."

"வயசுப்படி போட்டா என் பேருதான டீச்சர் மொதல்ல?"

"தவளப்படி போடுங்க. இன்னொண்ணு. ஓநாய்க்கு இன்னா ஆச்சுன்னு எவனாவது கேட்டா, நடந்தது மட்டும்தான் சொல்லணும். ஒரு நூலு ஜாஸ்தி சொன்னாலும் தவளைய எடுத்துக்கிட்டு பஸ் ஏறிடுவேன்."

முதல் நிபந்தனை ஜெயகரனுக்குச் சூடு வைத்த மாதிரி இருந்தது. இரண்டாவது, நாக்கையே எடுத்த மாதிரி. வேறு வழி இல்லாமல் தலையாட்டினார்.

சனிக்கிழமை. வேலூரில் ஒரு பள்ளிக்கூட ஹால். கறுப்பு அட்டையில் பன்னிரண்டு கார்டுகளும் ஏறின. மீசை வைத்த ஆட்டுக்குட்டி உள்ள ஓநாய்தான் வேண்டும் என்று டீச்சர் பிடிவாதம் பிடித்து அதையே மாட்ட வைத்தார். மேலே இரண்டு பெயர்கள். வேன் வந்து நின்றதும் முப்பது பேரும் ஒரே மூச்சில் உள்ளே வந்தார்கள். அடுத்த மேஜையில் திருவாங்கூர் காசு வைத்திருந்த கிழவர் பயந்துபோய்க் காசுகளை மூடிவைத்தார்.

"ஷஹீன் பானு யாரு அண்ணே?" என்றாள் ஹெப்சி.

"தவளையோட சொந்தக்காரங்க. இதோ நிக்கிறாங்க."

முதல் நிபந்தனை அவ்வளவு லேசாக முடிந்தது. ஒருவரும் கண்டுகொள்ளவில்லை. டீச்சரிடம் படித்த நாலைந்து பேர் மட்டும் பழைய பயத்தில் இரண்டடி பின்வாங்கினார்கள். எல்லோரும் கார்டுகளைப் பார்த்தார்கள். முயல், ஆமை, எறும்பு, காக்கா. பார்வை நகர்ந்து நகர்ந்து ஓநாயிடம் வந்து நின்றது.

"இன்னா அண்ணே இது? இந்த ஓநாய்க்கு மட்டும் தோலு இப்பிடி இருக்கு?"

டீச்சரின் கை மெதுவாகத் தவளைப் பக்கம் போனது. ஜெயகரனின் நாக்கு நுனியில் பாரிஸ் அச்சகம், ராஜகுமாரிகள், கப்பல் கவிழ்ந்தது எல்லாம் வரிசையில் நின்றன. அவர் அத்தனையையும் விழுங்கினார்.

"துத்திப்பட்டுல பிளேட்டிங் மெஷின்ல வெச்சு அழுத்திட்டேன். மேல மொதல பிளேட்டு இருந்துச்சு. குனிஞ்சு பாக்கல."

ஹாலே அதிர்கிற மாதிரி சிரிப்பு.

"புளுகாதீங்க அண்ணே!" என்றாள் ஹெப்சி. "நூறு வருஷத்துக் கார்ட எவனாவது கொண்டுபோயி மெஷின்ல வெப்பானா? அதுவும் நீங்க? இது இன்னாமோ ஒசத்தி ஐட்டம். கண்ணு பட்டுடும்னு எங்ககிட்ட மறைக்கிறீங்க."

"இல்ல ஹெப்சி, நெசமாவே..."

"நெசமாம்! எத்தன நெசம் கேட்டிருக்கோம்!"

ஜெயகரன் மனைவியைப் பார்த்தார். "அவரு சொல்றது நெசந்தான்டி" என்றாள் ஜெபராணி. "பாத்தீங்களா, அக்காவையும் சேத்துக்கிட்டாரு" என்று மறுபடி சிரிப்பு. ஜெயகரன் நெஞ்சில் கை வைத்துச் சொன்னார். பச்சையப்பன் பெயரைச் சொன்னார். ஆளைக் கூட்டி வருகிறேன் என்றார். சொல்லச் சொல்ல அவர்களுடைய நம்பிக்கை குறைந்துகொண்டே போனது. டீச்சர் ஒரு ஓரமாக நாற்காலி போட்டு உட்கார்ந்து, முந்தானையைச் சுருட்டி வாயில் வைத்துக்கொண்டார்.

நடுவர் கோவிந்தசாமி தபால் இலாகாவில் இருந்து ஓய்வு பெற்றவர். லென்ஸோடு வந்து ஓநாயின்மேல் குனிந்தார்.

"இது எப்படி ஆச்சு?"

ஜெயகரன் அதே மூன்று வாக்கியத்தை மறுபடி சொன்னார்.

"ஓகோ" என்றார் நடுவர். "ஆமா, தெரியுது. அப்ப இது சேதமான கார்டு. பரிசுக்கு எடுத்துக்க முடியாது."

அந்த ஹாலில் தன்னை நம்பிய ஒரே மனிதர் என்ற சந்தோஷத்தில் ஜெயகரன் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். பரிசு போய்விட்டது என்பது குலுக்கி முடித்த பிறகுதான் உறைத்தது. பெண்கள் சங்கம் விடுமா? "சார், அது ஒரிஜினலு! அவரு சும்மா சொல்றாரு! தடவிப் பாருங்க சார்!" என்று நடுவரைச் சூழ்ந்துகொண்டார்கள். கோவிந்தசாமி லென்ஸைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, தெலுங்குப் படத்து வில்லன் மாதிரி சுவரோரமாகவே நகர்ந்து தப்பித்தார்.

முதல் பரிசு சோளிங்கர்க்காரர் ஒருவரின் தீப்பெட்டிப் படங்களுக்குப் போனது. அந்த மேஜைக்கு வந்தவர்கள் பார்த்தார்கள், போனார்கள். ஓநாய் இருந்த மேஜையில் மத்தியானம்வரை கூட்டம் கலையவில்லை. வருகிறவர்களுக்கெல்லாம் ஹெப்சியே விளக்கம் சொன்னாள். அவள் சொன்ன விளக்கத்தில் ஒரு பிரெஞ்சு ராணி வந்தாள். ஜெயகரன் பக்கத்தில் நின்று, "அப்படி எல்லாம் இல்லைங்க" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார். நாலாவது தடவை சொல்லும்போது, அதைச் சொல்வதிலும் ஒரு ருசி இருப்பதைக் கண்டுபிடித்தார்.

கோட்டை பார்த்து முடித்துத் திரும்பும்போது, டீச்சரையும் வேனிலேயே ஏற்றிக்கொண்டார்கள். தவளை அவர் கைப்பைக்குள் இருந்தது. ஜெயகரன் முன் சீட்டிலிருந்து திரும்பி உட்கார்ந்துகொண்டார்.

"டீச்சர், செப்டம்பர்ல தம்பி பாரிஸ் போறாருல்ல? நல்ல ஓநாய் ஒண்ணு பாக்கச் சொல்லுங்க. எனக்கு."

"கெடைச்சா எனக்குத்தான் சார். எங்கிட்ட ஓநாயே இல்ல. உங்ககிட்ட ரெண்டு இருக்கு."

"ரெண்டும் மொதல டீச்சர்!"

"அது உங்க வூட்டுப் பிரச்சன."

"அப்ப ஓநாய் உங்களுக்கு, தவள எனக்கு."

"ஓநாய் தம்பியோடது, தவள என்னோடது. நடுவுல நீங்க யாரு?"

"பொறக்காத புள்ளைக்கு இன்னாத்துக்கு இப்பவே பேரு வெக்கிறீங்க?" என்றாள் ஜெபராணி, மிச்சமிருந்த எலுமிச்சம்பழச் சாதத்தை மூடிக்கொண்டே.

யார் கேட்டார்கள்? வேன் பள்ளிகொண்டாவைத் தாண்டி, மாதனூரைத் தாண்டியும் சண்டை ஓயவில்லை. கடைசியில் ஓர் உடன்பாடு வந்தது. ஓநாய் வந்தால் டீச்சர் வீட்டுக்கு வரும். ஜெயகரன் எப்போது வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம், கையை மட்டும் பின்னால் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். வருஷத்தில் ஒரு மாதம் தவளை ஜெயகரன் வீட்டில் இருக்கும், ஜெபராணியின் பொறுப்பில்.

ஜெயகரனுக்கு முழுத் திருப்தி. கொஞ்ச நேரம் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு வந்தவர், மெதுவாகத் திரும்பினார்.

"டீச்சர், அந்த ஓநாயும் சுருண்டு வந்துச்சுன்னா, அந்த மெஷின்ல..."

"பொஸ்தகத்துக்கு அடியில வெப்போம்!" என்று ஜெபராணியும் டீச்சரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள்.

பின் சீட்டில் ஹெப்சி பக்கத்தில் இருந்தவளைக் கிள்ளினாள். "பாத்தியா, இன்னும் அந்த மெஷின் கதைய விடல இந்த அண்ணன்."